51 புள்ளியை எப்படிப் படிப்பது: லினாரெஸ் 2006, ரிக்கி ரூபியோ

2006 ஆகஸ்ட். ஸ்பெயினின் தெற்கே ஹாயென் மாகாணத்தில் 16 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பிய கூடைப்பந்து சாம்பியன்ஷிப் நடந்தது. லினாரெஸ் நகரில் இறுதி ஆட்டம், ஸ்பெயினும் ரஷ்யாவும். இரண்டு முறை கூடுதல் நேரம் போய், 110–106 என்று ஸ்பெயின் ஜெயித்தது. அந்த அணியின் பாயிண்ட் கார்ட் (பந்தை நகர்த்தி ஆட்டத்தை நடத்துபவன்) ரிக்கி ரூபியோ எடுத்தது 51 புள்ளி, 24 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 12 அசிஸ்ட் (சக ஆட்டக்காரன் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்), 7 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது). ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனதே அவன் பாதி மைதானத்திலிருந்து, மணி ஒலிக்கும் நேரத்தில் எறிந்த பந்து உள்ளே விழுந்ததால்தான். அவனுக்கு அப்போது 16 வயதுகூட முடியவில்லை.

லினாரெஸை நம் ஊர்க்காரர்களுக்கு வேறு வழியில் தெரியும். ஆனந்த் 1998, 2007, 2008 என்று மூன்று முறை பட்டம் வென்ற சதுரங்கப் போட்டி இந்த ஊரின் பெயரில் நடந்ததுதான். ஆனால் கூடைப்பந்தில் ஸ்கவுட் வேலை, அதாவது இளம் ஆட்டக்காரர்களை நேரில் பார்த்து எடைபோட்டு அறிக்கை எழுதும் வேலை, பார்ப்பவர்களுக்கு லினாரெஸ் என்றால் இந்த ஓர் ஆட்டம்தான். ஐரோப்பிய இளையோர் போட்டிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த எண்கள் எங்காவது வந்துவிடும். பெரும்பாலும் வாயைப் பிளக்கத்தான் வரும். என் ஆர்வம் வேறு. அன்று ராத்திரி அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த ஒரு ஸ்கவுட் தன் அறிக்கையில் என்ன எழுதியிருக்க வேண்டும்? பின்னால் நடந்ததை நாம் முழுக்கப் பார்த்துவிட்டதால், அந்த எண்களில் எது உண்மையைச் சொன்னது, எது ஏமாற்றியது என்று இப்போது பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். ரூபியோவை லினாரெஸில் யாரும் "கண்டுபிடிக்க"வில்லை. அதற்குப் பத்து மாதம் முன்பே, 2005 அக்டோபர் 15 அன்று, படலோனாவின் ஜுவெந்துட் கிளப்புக்காக ஸ்பெயினின் முதல்நிலை லீகான ஏசிபியில் இறங்கிவிட்டான். 15 வயதுக்கு இன்னும் சில நாள் பாக்கி. அந்த லீகின் வரலாற்றிலேயே மிக இளையவன். அங்கே பயிற்சியாளர் ஐதோ கார்சியா ரெனெசெஸ், சிறுவர்களை நம்பிக் களத்தில் இறக்குவதில் பெயர் பெற்றவர். பக்கத்தில் ரூடி ஃபெர்னாண்டஸ் மாதிரி ஆட்டக்காரர்கள். ஆகவே லினாரெஸுக்கு வந்த எல்லாருக்கும் யாரைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்தே இருந்தது.

இளையோர் போட்டி ஸ்கவுட்டிங்கில் பாதி இப்படித்தான். பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஸ்கவுட் வருகிறார். கிளப்பில் பெரியவர்களுக்கு நடுவே ஐந்து நிமிடம் ஆடும் பையன், தன் வயதுக்காரர்களுக்கு நடுவே பந்து முழுக்கத் தன் கையில் இருக்கும்போது என்ன செய்கிறான் என்று பார்ப்பதே நோக்கம். ஏசிபியில் ரூபியோவுக்கு ஒரு சின்ன வேலை. லினாரெஸில் எல்லா வேலையும் அவனுக்குத்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் தெரிவான்.

அங்கே யார் எதற்காக வந்திருப்பார்கள் என்பதும் முக்கியம். 2006-இலிருந்து அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் ஒரு விதி: டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு) சேர அந்தக் காலண்டர் ஆண்டில் 19 வயது ஆக வேண்டும். 1990 அக்டோபர் 21-இல் பிறந்த ரூபியோவுக்கு அது 2009-இல்தான் வரும். மூன்று வருடம் கழித்து எடுக்கப்போகும் ஒரு முடிவுக்கு இப்போதே ஆள் அனுப்புவது எல்லா அணிக்கும் கட்டுப்படியாகாது. அதனால் 16 வயதுப் போட்டியின் இருக்கைகளில் அதிகம் உட்கார்ந்திருப்பவர்கள் கிளப்காரர்களும் ஏஜெண்டுகளும்தான். என்பிஏக்காரர்கள் 18, 20 வயதுப் போட்டிகளில்தான் கூட்டமாக வருவார்கள். இப்போது அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர்களும் அங்கே சேர்ந்துகொண்டார்கள். கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் கிடைக்கத் தொடங்கியதும் ஐரோப்பியப் பையன்கள் அந்தப் பக்கம் போக ஆரம்பித்துவிட்டார்கள். ரியல் மாட்ரிட்டில் வளர்ந்த யெகோர் டியோமின் 2024-இல் அமெரிக்காவில் கல்லூரிக்குப் போய், அடுத்த வருடமே டிராஃப்டில் 8-ஆவதாக எடுக்கப்பட்டது அண்மைய உதாரணம்.

சரி, எண்களுக்கு வருவோம்.

பாதி மைதான ஷாட்

இதை முதலில் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். அரங்கில் இருந்த எல்லாரும் ஆயுளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கக்கூடிய ஷாட் அது. ஆனால் ஸ்கவுட் அறிக்கையில் அதற்கு மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். அந்தத் தூரத்திலிருந்து எறிந்து உள்ளே போவது திறமையைவிட அதிர்ஷ்டம்தான். ஒன்று மட்டும் சொல்லலாம்: அந்த நேரத்தில் பந்தைக் கேட்டு வாங்கி எறிகிற துணிச்சல் அவனுக்கு இருந்தது. அந்தத் துணிச்சலை நிரூபிக்க இந்த ஷாட் தேவையே இல்லை. 14 வயதில் ஏசிபியில் பந்தை நகர்த்தியவனுக்கு அது இல்லை என்று யார் சொல்வார்கள்?

இதில் நுணுக்கமான ஒரு சிக்கல் உண்டு. ஷாட் வெளியே போயிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். 51 என்ற எண்ணே வந்திருக்காது. முப்பது சொச்சமோ நாற்பதோ, ஸ்பெயினுக்கு வெள்ளி. அதே பையன், அதே கை, அதே கண். ஆனால் நாம் பேசும் விதம் முழுக்க மாறியிருக்கும். ஃபிபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி ஆட்டம் 40 நிமிடம், ஒவ்வொரு கூடுதல் நேரமும் 5 நிமிடம். ஆக அந்த எண்கள் 50 நிமிட ஆட்டத்தின் எண்கள். இதைச் சொல்லாமல் 51-ஐ மட்டும் சொல்வது பாதி உண்மை.

இறுதி ஆட்டத்தை விட்டுவிட்டுப் போட்டியைப் பார்த்தால்

ஒரே ஆட்டத்தை நம்பக் கூடாது. முழுப் போட்டியிலும் ரூபியோவின் சராசரி 22.9 புள்ளி, 12.8 ரீபவுண்ட், 7.1 அசிஸ்ட், 6.5 ஸ்டீல். போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவனுக்கே. இதற்குப் பக்கத்தில் பல ஆண்டு கழித்து முடிந்த அவருடைய என்பிஏ வாழ்க்கையின் சராசரியை வைத்துப் பாருங்கள்: 10.8 புள்ளி, 4.1 ரீபவுண்ட், 7.4 அசிஸ்ட், 1.8 ஸ்டீல்.

புள்ளி பாதிக்கும் கீழே போனது. ரீபவுண்ட் மூன்றில் ஒரு பங்கானது. ஸ்டீலும் கிட்டத்தட்ட அப்படியே. அசிஸ்ட் மட்டும் அசையவில்லை. உலகின் மிகக் கடினமான லீகில், மிக வேகமான எதிரிகளுக்கு நடுவே, 15 வயதில் கொடுத்த அதே அளவு பாஸ்களைக் கொடுத்திருக்கிறார். போட்டிக்குப் போட்டி, லீகுக்கு லீக் வேகமும் நிமிடங்களும் மாறும், நேரடியாக ஒப்பிட முடியாது, தெரியும். இருந்தாலும் இந்த நான்கு ஜோடி எண்களில்தான் இந்த நிகழ்வின் மொத்தப் பாடமும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏன் அப்படி? ரீபவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் ரீபவுண்ட் பெரும்பாலும் உடம்பின் கதை. யார் முதலில் வளர்ந்தான், யார் முதலில் பருவமடைந்தான் என்பதே பாதியைத் தீர்மானிக்கும். இளையோர் அணிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அதிகமாகவும் ஆண்டின் கடைசியில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருப்பது பல விளையாட்டுகளில் பார்க்கப்பட்ட விஷயம். வயது எல்லை காலண்டர் ஆண்டை வைத்து என்பதால், ஜனவரிக்காரனுக்குப் பத்துப் பன்னிரண்டு மாத வளர்ச்சி இலவசமாகக் கிடைக்கிறது. அதனால் நல்ல ஸ்கவுட்டுகள் ஆட்டக்காரன் பெயருக்குப் பக்கத்தில் முதலில் பிறந்த மாதத்தைத்தான் எழுதுவார்கள்.

ரூபியோ அக்டோபர்க்காரன். 1990 ஜனவரியில் பிறந்தவர்களோடு மோதித்தான் அந்த 24 ரீபவுண்டும் வந்தது. அதனால் அவனுடைய எண்ணை "சீக்கிரம் வளர்ந்தவன்" என்று தள்ளிவிட முடியாது. பந்து எங்கே விழும் என்று மற்றவர்களுக்கு முன்னால் கணித்துவிடும் கண்ணும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கண் மட்டும் போதாத இடத்துக்கு ஆட்டம் நகர்ந்ததும், சுமார் 1.90 மீட்டர் உயரமுள்ள ஒரு கார்டுக்கு எவ்வளவு ரீபவுண்ட் கிடைக்குமோ அவ்வளவுதான் கிடைத்தது. 4.1 என்பது அவர் இடத்துக்கு நல்ல எண்தான்.

ஸ்டீல் இன்னும் சுவாரசியமானது. அதில் இரண்டு வகை. எதிராளி தரையில் தட்டிக்கொண்டிருக்கும் பந்தைக் கையால் பறிப்பது ஒன்று. எதிரணியின் பாஸ் எங்கே போகும் என்று ஊகித்துக் குறுக்கே பாய்வது இன்னொன்று. 16 வயதில் முதல் வகை மலிவு. பந்தைக் காப்பாற்றத் தெரியாத எதிரிகள் நிறைய, நீளக் கையும் கொஞ்சம் துணிச்சலும் இருந்தால் போதும். இரண்டாவது வகைதான் மேலே ஏறி வரும். 6.5-இலிருந்து 1.8-க்கு இறங்கியதைச் சரிவு என்று சொல்லக் கூடாது. மலிவான பங்கு உதிர்ந்து, கணிப்பின் பங்கு மிஞ்சியது. என்பிஏவில் ஆட்டத்துக்கு 1.8 ஸ்டீல் மிக நல்ல கணக்கு.

அப்புறம் பாஸ். நல்ல பாஸுக்கு உயரம் வேண்டாம், வேகம்கூடப் பெரிதாக வேண்டாம். சக ஆட்டக்காரன் காலியாகப் போகிறான் என்று அவனே உணருவதற்கு அரை நொடி முன்னால் தெரிய வேண்டும். வயது ஏறினால் எதிரிகள் வேகமாவார்கள், ஆனால் சக ஆட்டக்காரர்களும் வேகமாவார்கள், பாஸைக் கூடையில் போடவும் செய்வார்கள். 15 வயதில் ரூபியோ கொடுத்த எத்தனையோ நல்ல பாஸ்கள் பிடித்தவன் தவறவிட்டதால் அசிஸ்ட் கணக்கில் வராமலே போயிருக்கும். ஆகவே இளையோர் ஆட்டத்தில் அசிஸ்ட் எண் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும், புள்ளி எண் கூட்டிக் காட்டும். நான் ஒரே ஒரு நிரலை மட்டும் பார்க்கலாம் என்றால் அசிஸ்ட் நிரலைத்தான் பார்ப்பேன்.

51 புள்ளியும் அந்த வலது கையும்

உண்மையான பிரச்சினை இங்கேதான். 2006-இல் ஃபிபாவின் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரில் இருந்தது. 2010-இல்தான் 6.75 ஆனது. என்பிஏவில் அது நேர் எதிரே 7.24 மீட்டர். அதாவது லினாரெஸில் ஒருவன் வெளியிலிருந்து போட்டான் என்றால், அது என்பிஏ கோட்டிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உள்ளே. அந்த ஒரு மீட்டரைக் கடக்க ஷாட்டின் வடிவமே சரியாக இருக்க வேண்டும்: கால் தரையை உதைக்கும் விதம், முழங்கை நிற்கும் இடம், பந்து கையை விட்டுக் கிளம்பும் வேகம். இவையெல்லாம் புள்ளிவிவரத் தாளில் வராது. ஆட்டம் தொடங்குமுன் பயிற்சி எறிதல் நடக்கும்போது கோட்டோரம் நின்று பார்த்தால்தான் தெரியும். அனுபவமுள்ள ஸ்கவுட் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து உட்காருவது இதற்காகத்தான்.

ரூபியோவுக்கு எறிதல் எப்போதும் பலவீனமாகவே இருந்தது. என்பிஏவில் அவருடைய மொத்த ஷாட் விகிதம் 39 சதவிகிதம், லீகின் சராசரி 45, 46 என்று இருந்த காலத்தில். மூன்று புள்ளி ஷாட்டில் சுமார் 33 சதவிகிதம். எதிரணிகள் அவரை எறியவிட்டுவிட்டு, இரண்டு அடி பின்னால் நின்று பாஸ் போகும் வழியை அடைத்தன. அந்த நிலையிலும் 7.4 அசிஸ்ட் என்பதை நினைத்தால் எனக்கு அவர் மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது.

இங்கே ஸ்கவுட்டுகள் நம்பும் ஒரு சூத்திரம் சறுக்கியதையும் சொல்ல வேண்டும். பையனின் எதிர்கால எறிதலைக் கணிக்க ஃப்ரீ த்ரோ விகிதத்தைப் பாருங்கள் என்பார்கள். யாரும் தடுக்காத, மாறாத தூரத்து ஷாட் என்பதால் கையின் இயல்பு அதில் தெரியும் என்பது வாதம். பொதுவாகச் சரியான வாதம்தான். ஆனால் ரூபியோவின் என்பிஏ ஃப்ரீ த்ரோ விகிதம் 84 சதவிகிதம்! சூத்திரப்படி அவர் நல்ல வெளி ஷூட்டராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. நின்று நிதானித்து எறிய அவருக்குக் கை இருந்தது. ஓடிவந்து, எதிராளி கை நீட்டும்போது, குதித்து எறியும் ஷாட் அந்தக் கைக்கு முழுதாக வரவில்லை.

2009 டிராஃப்ட்

மூன்று வருடம் கழித்து மின்னசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அவரை 5-ஆவதாக எடுத்தது. அந்த மூன்று வருடத்தில் லினாரெஸ் ஒரு பழைய கதையாகிவிட்டிருந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் 17 வயதில் அமெரிக்காவுக்கு எதிராக முதல் ஐவரில் இறங்கினார். ஸ்பெயின் 107–118 என்று தோற்றது, ஆனால் ஒலிம்பிக் கூடைப்பந்து இறுதியில் ஆடிய மிக இளையவர் என்ற பெயர் அவருக்கு. இதற்குப் பிறகு 16 வயதுப் போட்டியின் தாளை யார் புரட்டுவார்கள்?

அதே டிராஃப்டில் 6-ஆவதையும் மின்னசோட்டாவே வைத்திருந்தது. அதில் ஜானி ஃபிளின் என்ற இன்னொரு பாயிண்ட் கார்டை எடுத்தது. 7-ஆவதாகக் கோல்டன் ஸ்டேட் எடுத்தது, பின்னால் என்பிஏவின் தலைசிறந்த ஷூட்டராகப் பெயர் எடுத்த ஸ்டெஃபன் கரியை. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்காத கூடைப்பந்து ரசிகர் இல்லை. ஆனால் ரூபியோவை எடுத்ததைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். பிழை இருந்தால் அது 6-ஆவதில். ரூபியோவுக்கு ஜுவெந்துட்டுடன் ஒப்பந்தம் பாக்கி இருந்தது. விடுவிக்கப் பெரிய தொகை கேட்டார்கள். அப்போதைய விதிப்படி என்பிஏ அணி தன் பங்காக 5 லட்சம் டாலர்தான் கொடுக்கலாம். கடைசியில் அவர் பார்சிலோனாவுக்குப் போய், 2010-இல் ஐரோப்பிய கிளப்களின் உச்சப் போட்டியான யூரோலீக்கின் பட்டம் வென்று, 2011-இல்தான் மின்னசோட்டா வந்தார். முதல் பருவத்திலேயே, 2012 மார்ச்சில், முழங்கால் தசைநார் கிழிந்தது. ஸ்கவுட் அறிக்கையில் ஒப்பந்தம் பற்றிய பத்தி ஏன் எறிதல் பற்றிய பத்தியளவு நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

தாலினும் ரோமும்

ஒரு பையனை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது என்பதற்காக இன்னும் இருவர்.

2013 ஜூலை, எஸ்தோனியாவின் தாலின், 20 வயதுக்குட்பட்டோர் சாம்பியன்ஷிப். இத்தாலி ஜெயித்தது, சிறந்த ஆட்டக்காரர் விருது அமெதேயோ டெல்லா வல்லேவுக்கு. ஐந்தாவதாக வந்த கிரீஸ் அணியில் யானிஸ் அதெதோகும்போ என்ற ஒல்லியான பையன் சராசரியாக 8 புள்ளியும் 7.6 ரீபவுண்டும் எடுத்தான். 1993-இல் பிறந்தவர்கள் ஆடிய அந்தப் போட்டியில் அவன் 1994 டிசம்பர்க்காரன். அணியின் மூத்தவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு வயது சின்னவன், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தவன். அதற்குச் சில வாரம் முன்புதான் மில்வாக்கி அவனை 15-ஆவதாக எடுத்திருந்தது, அதுவும் கிரீஸின் இரண்டாம் நிலை லீகில் ஆடுவதைப் பார்த்துவிட்டு. டெல்லா வல்லே நல்ல ஷூட்டர், இத்தாலியில் பெயர் எடுத்தார், என்பிஏவில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. யானிஸோ பின்னால் என்பிஏவின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரானார்.

எதிர்ப்பக்கம் 2012, ரோம், 13 வயதுக்குட்பட்டோர் போட்டி. லுப்லியானா கிளப்புக்காக ஆடிய, பின்னால் என்பிஏ நட்சத்திரமான லூகா டோன்சிச் இறுதியில் 54 புள்ளி, 11 ரீபவுண்ட், 10 அசிஸ்ட். லினாரெஸ் மாதிரியே ஓர் அதிர்ச்சி எண். அதே வருடம் செப்டம்பரில் ரியல் மாட்ரிட் ஒப்பந்தம் போட்டுவிட்டது. 2018 டிராஃப்டில் அவரை எடுக்காமல் முதல் இரண்டு அணிகள் தாண்டிப் போனபோது சொல்லப்பட்ட குறை, ஓட்டமும் தாவலும் போதாது என்பது. அதாவது ரூபியோவுக்கு ஷாட்டும் டோன்சிச்சுக்கு உடம்பும் கேள்வியாக இருந்தன. முதல் கேள்வி நியாயமானதாகவும் இரண்டாவது தேவையற்றதாகவும் முடிந்தது. காரணம் எனக்குத் தெரிந்தவரை எளிது: வேகத்தைக் கூட்டிக் குறைத்து எதிராளியை நிலைகுலைக்கத் தெரிந்தவனுக்கு உடம்பின் வேகம் அவ்வளவு தேவையில்லை. ஷாட் இல்லாதவனுக்கு அப்படி ஒரு மாற்று வழி கிடையாது.

தாளில் வராத ஒன்று

2023-இல் உலகக் கோப்பைக்கு முன்னால் ரூபியோ, மனநலத்தைப் பார்த்துக்கொள்ள விளையாட்டை நிறுத்துவதாகச் சொல்லி ஸ்பெயின் முகாமை விட்டுப் போனார். 2024 ஜனவரியில் என்பிஏ வாழ்க்கை முடிந்ததாக அறிவித்தார். பிறகு பார்சிலோனாவில் சிறிது காலம் ஆடி, 2025-இல் தொடங்கிய இடமான ஜுவெந்துட்டுக்கே திரும்பினார். 14 வயதில் தொழில்முறை லீக், 15 வயதில் 51 புள்ளி, 17 வயதில் ஒலிம்பிக் இறுதி. இதுதான் காரணம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த வயதுப் பையன்களைப் பற்றிய அறிக்கைகளில் "அழுத்தத்தைத் தாங்குவான்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். எத்தனை வருடம் தாங்க வேண்டியிருக்கும் என்று அதே வரியில் யாரும் கேட்பதில்லை.

மறுபடி அறிக்கைக்கு. அன்று ராத்திரி நான் எழுத வேண்டியிருந்தால்: பாஸ் கண் உலகத் தரம், கணிப்பு அதே அளவு, ரீபவுண்ட் பாதியாகக் கணக்கிடவும், புள்ளியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், வலது கையை 17 வயதில் மறுபடி பார்க்கவும். முடிவு: எந்த அணியிலும் தொடக்க பாயிண்ட் கார்ட், நட்சத்திரமா என்பது ஷாட்டைப் பொறுத்தது. அது என்பிஏவைப் பொறுத்தவரை ஏறக்குறைய சரியாகவே வந்திருக்கும். என்பிஏ நட்சத்திரங்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ரூபியோ ஒருமுறைகூடத் தேர்வாகவில்லை.

ஆனால் இந்த அறிக்கையும் ஒன்றைத் தவறவிட்டிருக்கும். லினாரெஸில் அவன் ஆடியது ஃபிபா ஆட்டம்: 40 நிமிடம், நெருக்கமான மைதானம், நாட்டுக்காக, பத்து நாளில் எல்லாம் முடியும் போட்டி. அந்த ஆட்டத்தில் அவன் என்னவாவான் என்ற கேள்வியை என்பிஏ அறிக்கை கேட்பதே இல்லை. 2019 செப்டம்பரில் பெய்ஜிங்கில் உலகக் கோப்பை இறுதி, ஸ்பெயின் அர்ஜென்டினாவை 95–75 என்று வென்றது. ரூபியோ 20 புள்ளி. போட்டியின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான்.